மலையடி மேட்டில் மூன்றடி

திருக்கழுக்குன்றம்
12.07.2024

அன்புள்ள தம்பி ஹுசைனுக்கு,

அக்கா ஷஹர்பானு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான், உன் மச்சான், குட்டி மகள் ஜன்னா மூவரும் சுகம். புனேவில் நீயும் அஃப்ஸானாவும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ பேசுகிற லட்சணம் எனக்குத் தெரியாதா? ‘உம்’, ‘சரி’, ‘மீட்டிங்ல இருக்கேன்’. அவ்வளவுதான். அத்தா ஜித்தாவில் இருந்த காலத்தில் அவருக்கு நாலு பக்கம் எழுதின பிள்ளை நீ. அதோடு, நான் நடத்துகிற கிளைத் தபால் நிலையத்துக்கு இப்போது வருவதெல்லாம் பேங்க் நோட்டீசும் ஆதார் கார்டும்தான். கையால் முகவரி எழுதின ஒரு உறையாவது என் முத்திரையை வாங்கட்டும், தபால் நிலைய முகவரிக்கே எழுது.

விஷயம் இதுதான். நீ சிபாரிசு செய்த மின்சார வேன் வந்துவிட்டது. உங்கள் கம்பெனி சோதனைக்காகக் கொடுத்த இருபது வண்டியில் ஒன்று நம் வாசலில் நிற்கிறது. பழைய டீசல் ஷேர் ஆட்டோவை ஓட்டி ஓட்டி உன் மச்சானுக்குக் காது மந்தமாகி, வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். இந்த வண்டியில் சத்தமே இல்லை. முதல் நாள் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை பதினோரு பேரை ஏற்றிப் போய்விட்டு வந்து, “இன்னா பானு, வண்டி ஓடுதா நிக்குதான்னே தெர்ல. ஒம் தம்பி மூளைக்காரன்தான்” என்றார். ஊரில் பார்க்கிறவர்களிடமெல்லாம், “உள்ள இருக்கிற கியரு நம்ம ஹுசைன் செஞ்சது” என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். உனக்கு இதைவிடப் பெரிய பட்டம் கிடைக்காது.

அந்தக் கியரில் நீ என்னதான் செய்தாய் என்று எனக்கும் புரிகிற மாதிரி எழுது.

உன் அன்பு அக்கா,
ஷஹர்பானு


புனே
02.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நாங்கள் நலம். ஜன்னாவுக்கு இருமல் என்று அஃப்ஸானாவிடம் போனில் சொன்னாயாம், இப்போது எப்படி இருக்கிறாள்?

கியரைப் பற்றிக் கேட்டிருந்தாய். பெரும்பாலான மின்சார வண்டிக்கு ஒரே கியர்தான். அது மேட்டில் திணறும், இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் பேட்டரியைத் தின்னும். அதனால் இந்த வேனுக்கு இரண்டு கியர் வைத்தோம். ஒவ்வொரு கியரையும் அடுக்கடுக்கான தட்டுகள் பிடித்துக்கொள்ளும். அந்தத் தட்டுகளை இறுக்குவது எண்ணெயின் அழுத்தம். அழுத்தத்தைக் கொடுக்க ஒரு பம்பு. மற்றவர்கள் வண்டியில் அந்தப் பம்பு நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும்.

நான் அதை ஓய வைத்துவிட்டேன். மொட்டைமாடித் தொட்டி நிறைந்ததும் நீ மோட்டாரை நிறுத்துகிறாய் அல்லவா, அதுபோல. ஒரு சின்னக் குடுவையில் அழுத்தத்தைச் சேர்த்து வைத்துவிட்டால் பம்பு சும்மா இருக்கலாம். குறையும்போது மட்டும் ஓடினால் போதும். ஒரு சார்ஜுக்கு ஒன்பது கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைக்கிறது. கேட்டால் சின்ன விஷயம். இதற்கு மூன்று வருடம் ஆனது.

மச்சான் ஓட்டுகிற வண்டியில் அது இருக்கிறது என்பது எனக்கும் சந்தோஷம். அவருக்கு என் ஸலாம்.

அன்புடன்,
ஹுசைன்


திருக்கழுக்குன்றம்
25.08.2024

அன்புள்ள தம்பி,

ஸலாம். எல்லாரும் சுகம். ஜன்னாவின் இருமல் போய்விட்டது, வாய் மட்டும் ஓயவில்லை.

உன் கடிதத்தை உன் மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். தொட்டிக் கதை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சிக்கனத்தில் அவர் உன்னையே மிஞ்சுவார், தெரியுமா? ஒவ்வொரு ஸ்டாப்பிலும் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்துவிடுகிறார். ஆள் ஏறியதும் மறுபடி திருப்புகிறார். டீசல் வண்டியில் பழகின கை. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போவதற்குள் பதினைந்து தடவை, ஒரு நாளைக்கு எழுபது எண்பது தடவை அணைத்து எழுப்புகிறார். மற்ற டிரைவர்களும் அப்படித்தானாம். “கரெண்டு இன்னா சும்மாவா வருது?” என்கிறார்.

ஒரே ஒரு குறை சொன்னார். மலையடி மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி உடனே கிளம்புவதில்லையாம். “நம்ம வண்டி கொஞ்ச நேரம் யோசிச்சிகினு அப்புறம்தான் ஏறுது. ஹுசைன் மாதிரியே கீது” என்று சிரிக்கிறார். நீ சின்ன வயதில் கடைக்குப் போகச் சொன்னால் வாசலில் நின்று யோசிப்பாயே, அதைச் சொல்கிறார். வண்டி யோசிக்கலாமா? கேட்டு எழுது.

தினமும் காலையில் மேட்டு ஸ்டாப்பில் இறங்குகிற கன்னியம்மா என்று ஒரு பூக்கார அம்மா. இறங்கும்போது ஜன்னாவுக்கென்று ஒரு முழம் மல்லி கொடுத்துவிடுகிறார். உன் மச்சான் வீட்டுக்கு வரும்போது வண்டியெல்லாம் மணக்கிறது.

அன்பு அக்கா,
ஷஹர்பானு


புனே
03.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். உன் உடம்பு எப்படி இருக்கிறது? மழை ஆரம்பித்திருக்கும். தபால் நிலையக் கூரை ஒழுகுகிறதா? ஜன்னாவைக் கொதிக்க வைத்த தண்ணீர் குடிக்கச் சொல். இங்கே குளிர் வந்துவிட்டது.

அக்டோபர் முழுக்க வேலை. எங்கள் பம்பு வேலைக்குக் கம்பெனியில் இந்த வருடத்துக்கான பரிசு கொடுத்தார்கள். மேடையில் ஏறச் சொன்னார்கள். அஃப்ஸானா போட்டோ அனுப்பியிருப்பாள். அடுத்த வருடம் ஆயிரம் வண்டி போடப்போகிறார்கள்.

வண்டி யோசிக்கிறது என்று எழுதியிருந்தாய். புது வண்டி, போகப் போகப் பழகிவிடும். மச்சானைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்.

ஜன்னாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன். உங்கள் ஊருக்குத் தேவைப்படாது. இருந்தாலும் வைத்துக்கொள்.

அன்புடன்,
ஹுசைன்


திருக்கழுக்குன்றம்
06.02.2025

தம்பி ஹுசைனுக்கு,

ஸலாம். போனில் அழுதுவிட்டேன், ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணி இருக்கும். உன் மச்சான் மலையடி மேட்டில் நிறுத்தி, வழக்கம்போல் சாவியைத் திருப்பி அணைத்தார். கன்னியம்மா இறங்கி, பூக்கூடையோடு வண்டிக்குப் பின்பக்கமாக ரோட்டைக் கடக்கப் போயிருக்கிறார். இவர் மறுபடி சாவி போட்டு, கிளப்ப மிதித்திருக்கிறார். வண்டி முன்னால் போகாமல் பின்னால் உருண்டுவிட்டது. அந்த அம்மா கீழே விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறார். உயிருக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இனி கூடை சுமந்து நடப்பது கஷ்டம் என்கிறார்கள்.

போலீஸ் கேஸ் போட்டிருக்கிறது. ஸ்டாப்பில் நின்றவர்கள், “பிரேக்கை வுட்டுட்டான், எங்க பார்த்துகினு இருந்தானோ” என்று பேசுகிறார்கள். இருபத்தைந்து வருடத்தில் ஒரு கோழியைக்கூட இடிக்காத மனுஷன். அவர் திரும்பத் திரும்ப ஒன்றுதான் சொல்கிறார்: “நான் மிதிச்சேன் பானு. ஏறல. அது ஏறல.”

உங்கள் கம்பெனி ஆட்கள் வந்து வண்டியிலிருந்த பதிவையெல்லாம் எடுத்துப் போயிருக்கிறார்கள். அது உன் மேசைக்குத்தானே வரும்? நீ பார்த்து என்ன நடந்தது என்று சொல். நீ சொல்கிற ஒரு வார்த்தைக்காக வீடே காத்திருக்கிறது.

அக்கா


புனே
22.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். நீ எப்படி இருக்கிறாய்? மச்சான் நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? ஜன்னா பயந்துவிடாமல் பார்த்துக்கொள். அந்த அம்மாவின் உடல்நிலை எப்படி? வெயில் ஏற ஆரம்பித்திருக்கும். அஃப்ஸானா தினமும் துஆ செய்கிறாள். எனக்கு இரண்டு வாரமாகத் தலைவலி, பெரிதாக ஒன்றுமில்லை.

கம்பெனியின் அறிக்கை வந்துவிட்டது. வண்டியில் பழுது எதுவும் காணப்படவில்லை என்று முடித்திருக்கிறார்கள். மேட்டில் பிரேக்கை ஒரு கணம் முன்னதாக விட்டிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. மனிதர்களுக்கு நேர்வதுதான். மச்சான் மனதை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

வேறு விசேஷம் இல்லை.

ஹுசைன்


திருக்கழுக்குன்றம்
20.03.2025

அன்புள்ள தம்பி,

ஸலாம். நோன்பு மாதம், எல்லாரும் உடம்பளவில் சுகம். உன் தலைவலிக்கு டாக்டரைப் பார்த்தாயா?

உன் கடிதத்தை உன் மச்சானுக்குப் படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு, “கம்பெனிக்காரன் சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். ஹுசைனே எழுதிட்டான்ல, அப்ப நான்தான் வுட்டுருக்கணும்” என்றார். மறுநாள் வக்கீலிடம் போய் வந்து, கோர்ட்டில் எதிர்த்துப் பேச வேண்டாம், தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நீங்கள்தானே மிதித்தேன் என்றீர்கள் என்று கத்தினேன். “அது எனக்குத் தோணுனது. மெஷினு பொய் சொல்லுமா?” என்கிறார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்க் கன்னியம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மா, “நீ இன்னா பண்ணுவ நைனா, வண்டி கிளம்பாமயே உர்ருனு கத்துச்சே, எங் காதுல வுழுந்துச்சு” என்றார். அதையும் இவர் காதில் வாங்கவில்லை.

ஹுசைன், உன்னை நேராகவே கேட்கிறேன். நீயே பதிவைப் பார்த்தாயா? ‘அவர்கள் கருத்து’ என்று எழுதியிருக்கிறாய். உன் கருத்து என்ன?

அக்கா ஷஹர்பானு


திருக்கழுக்குன்றம்
29.05.2025

தம்பி ஹுசைனுக்கு,

ஸலாம். போன கடிதத்துக்குப் பதில் இல்லை. போனில் கூப்பிட்டால் அஃப்ஸானாதான் எடுக்கிறாள், நீ குளிக்கிறாய் என்கிறாள். பெருநாளன்றுகூடக் குளித்துக்கொண்டேதான் இருந்தாய். தபால் தொலைந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிடாதே, பதிவுத் தபாலில் அனுப்பியவள் நான், நீ கையெழுத்துப் போட்டு வாங்கிய சீட்டு என்னிடம் இருக்கிறது.

உன் மச்சான் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டார். லைசென்சை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். திருப்பிக் கொடுத்தாலும் ஓட்ட மாட்டாராம். கேளம்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாகப் போகிறார். காரில் வருகிறவர்களுக்குக் கேட்டைத் திறந்துவிடுகிற வேலை.

அது போகட்டும். சொல்ல வேண்டாம் என்று நினைத்ததைச் சொல்கிறேன். வலது கால் சொன்னபடி கேட்கவில்லை, அதில்தான் ஏதோ கோளாறு என்று அவராக முடிவு செய்துகொண்டார். நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஊசி குத்தி, கரண்ட் வைத்து எல்லாம் பார்த்துவிட்டு, கால் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். இவர் நம்பவில்லை. ஜன்னாவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற மாட்டேன் என்கிறார். அவள் கையை நீட்டுகிறாள், இவர் என்னைக் கூப்பிடுகிறார்.

நீ சுகமாக இரு.

ஷஹர்பானு


புனே
19.06.2025

அக்காவுக்கு,

ஸலாம். நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை.

நரம்பு டாக்டரிடம் போனதாக எழுதியிருந்தாயே, அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

சாவியை அணைத்தால் குடுவையில் சேர்த்த அழுத்தமும் போய், தட்டுகளை இறுக்கியிருக்கும் எண்ணெயெல்லாம் கீழே இறங்கிவிடும். மறுபடி சாவி போட்டதும் பம்பு ஓடி அழுத்தம் முழுதாக ஏற நாலு வினாடி வேண்டும். அதுவரை வண்டியைக் கிளம்பவிடாமல் தடுத்து வைத்திருந்தோம். அந்தத் தடையை ஒன்றரை வினாடியாகக் குறைத்தது நான். அரைகுறை அழுத்தம் சமதரைக்குப் போதும், மீதி ஓடும்போது ஏறிக்கொள்ளும், பம்பு அவசரமாக ஓடிப் பேட்டரியைத் தின்னாது என்று கணக்குப் போட்டேன். ஒன்பது கிலோமீட்டரில் மூன்று அதிலிருந்து வந்தது. ஒரு வண்டியை ஒரு நாளைக்கு ஆறு தடவை அணைப்பார்கள் என்பது எங்கள் அனுமானம். கூட்டத்தில் ஒருவர் கேட்டார், அடிக்கடி அணைக்கிற டிரைவர்கள் இருப்பார்களா என்று. அந்த வண்டிகள் ஓடப்போகிற ஊர்க்காரன் நான் ஒருவன்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இருக்க மாட்டார்கள் என்றேன். நாலு வருடம் காலேஜுக்கு ஷேர் ஆட்டோவில் டிரைவருக்குப் பக்கத்தில் தொற்றிக்கொண்டு போனவன், எனக்கா தெரியாது? தெரியும். அந்த நேரத்தில் ஒன்பது என்ற எண்தான் பெரிதாகத் தெரிந்தது.

உன் ஆகஸ்ட் கடிதத்தில் எழுபது எண்பது தடவை என்று எழுதியிருந்தாய். படித்த அன்றே கணக்குப் போட்டேன். அரைகுறை அழுத்தத்தில் அத்தனை தடவை கிளம்பினால் தட்டுகள் வழுக்கி வழுக்கித் தேய்ந்து, ஆறு மாதத்தில் மேட்டில் பிடிக்காமல் போகும் என்று தெரிந்தது. மேலே சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் பரிசு அறிவித்துவிட்டார்கள். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளினேன். பழகிவிடும் என்று உனக்கு எழுதினேன்.

விபத்துப் பதிவும் என்னிடம்தான் வந்தது. எண்ணெய் அழுத்தம் இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. பழுது இல்லை என்ற அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டவன் நான். ‘அவர்கள் கருத்து’ என்று எழுதியதும் நான்தான்.

போன வாரம் எல்லாவற்றையும் எழுதிக் கம்பெனிக்கும், போக்குவரத்து அதிகாரிகளுக்கும் அனுப்பிவிட்டேன். மீதி பத்தொன்பது வண்டியையும் நிறுத்தி, தட்டு மாற்றி, நாலு வினாடி வைக்கிறார்கள். என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வக்கீலிடம் பேசியிருக்கிறேன், மச்சானின் வழக்கை மறுபடி எடுக்க முடியும் என்கிறார். கன்னியம்மாவைப் பார்க்கவும் வருகிறேன். மன்னிப்புக் கேட்கும் தகுதி இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

ஹுசைன்


திருக்கழுக்குன்றம்
01.07.2025

ஹுசைனுக்கு,

உன் கடிதத்தைத் தபால் நிலையத்தில் வைத்தே பிரித்தேன். மணியார்டர் வாங்க வந்த கிழவர் ஒருவர், “இன்னா மேடம், ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். சீக்கிரம் மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

நீ அதிகாரிகளுக்கு எழுதியது சரி. வேலை போவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அறிக்கையில் கையெழுத்துப் போட்டபோது அது யார் வண்டி என்று உனக்குத் தெரிந்திருந்தது. அதை நான் மறக்க மாட்டேன். மறந்துவிட்டேன் என்று பொய்யும் சொல்ல மாட்டேன்.

உன் மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். எழுந்து போய்விடுவார், திட்டுவார் என்று நினைத்தேன். முழுவதையும் கேட்டார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வலது முட்டியில் கையை வைத்துக்கொண்டு, “அப்ப என் காலு சரியாத்தான் இருந்துச்சா பானு?” என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். “அவன் எழுதியிருக்கானா? படி” என்றார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எண்ணெய் இருக்கிறது, பம்பு இருக்கிறது, நீ பட்ட வேதனை இருக்கிறது. அவர் காலைப் பற்றி ஒரு வரி இல்லை. இல்லை என்று சொன்னேன். அப்போதுதான் அழுதார். கேஸ் நடந்தபோதுகூட அழாத மனுஷன்.

இனி எனக்கு எழுதாதே. அவருக்கு எழுது. அவர் கேட்டதற்கு மட்டும் பதில் எழுது.

ஷஹர்பானு


புனே
09.07.2025

மரியாதைக்குரிய முஜீப் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹுசைன் எழுதுகிறேன். அக்காவைப் படிக்கச் சொல்லாமல் நீங்களே படிக்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

உங்கள் வண்டி ஒவ்வொரு வினாடியும் என்ன செய்தது, உங்கள் கால் எந்த மிதியில் இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறது. அந்தத் தாளிலிருந்து அப்படியே எழுதுகிறேன்.

காலை எட்டு மணி பன்னிரண்டு நிமிடம். பிரேக்கை மிதித்தபடிதான் சாவியைத் திருப்புகிறீர்கள். கிளம்பலாம் என்று பச்சை விளக்கு எரிந்த பிறகே பிரேக்கை விட்டு ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறீர்கள். அவசரம் இல்லை, தாமதமும் இல்லை. மோட்டார் சுற்றுகிறது, தட்டு பிடிக்கவில்லை. வண்டி பின்னால் நகரத் தொடங்குகிறது. அந்தக் கணத்திலிருந்து உங்கள் கால் பிரேக்கின் அடி வரைக்கும் போய்ச் சேர அரை வினாடிகூட ஆகவில்லை. எங்கள் சோதனைத் தடத்தில் இதற்கென்றே பழகின டிரைவர்களுக்கு முக்கால் வினாடி ஆகிறது. அவர்கள் யாராவது அன்று உங்கள் இடத்தில் இருந்திருந்தால் வண்டி கன்னியம்மாவின் மேல் ஏறியிருக்கும். மூன்றடியில் நின்றது. உங்கள் கால்தான் நிறுத்தியது.

உங்கள் கால் சரியாகத்தான் இருந்தது, மச்சான்.

தாளின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். மேல் மூலையில் அது என் கைக்கு வந்த தேதி இருக்கும். பிப்ரவரி பதினெட்டு. ‘அவர்கள் கருத்து’ என்று அக்காவுக்கு நான் எழுதியது பிப்ரவரி இருபத்திரண்டு.

ஹுசைன்